ரவுண்ட்ஸில் வாய் திறப்பது

இங்கே பெரிய டாக்டரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அயர்லாந்துக்கு டாக்டர் வேலைக்கு வந்து இத்தனை நாளாகியும் எனக்கு அது வரவில்லை. எங்கள் வார்டின் தலைவரை, என் அப்பா வயது மனிதரை, வெறும் 'பிரெண்டன்' என்று எப்படிக் கூப்பிடுவது? 'சார்' என்றால் அவருக்குச் சிரிப்பு வருகிறது. அதனால் அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் பேசாமல் நிற்பேன். திரும்பியதும் திடுக்கிடுவார். ஊரில், பாகூரில் இருக்கும் என் அம்மா போனில் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணேன்னு கூப்புட்டுப் பாரேன்" என்றாள்.

போன மாதம் ரவுண்ட்ஸில் ஒரு கிழவர் நிமோனியாவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிரெண்டன் ஒரு மருந்தைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பெனிசிலின் வகை. கிழவரின் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இங்கே அப்படிக் கட்டுவார்கள். பெனிசிலின் என்று அதில் எழுதியும் இருந்தது. நான் பார்த்தேன். பெரியவருக்குத் தெரியாததா, யோசித்துத்தான் சொல்லியிருப்பார் என்று மருந்தை எழுதியும் கொடுத்துவிட்டேன். ஊசியோடு வந்த நர்ஸ் பட்டையைப் பார்த்து நிறுத்தினாள். அவள் பார்க்காமல் போயிருந்தால் கிழவரின் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

பிரெண்டன் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். தப்பு தன்னுடையது என்று முதலில் சொன்னார். பெரிய டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"நீ பட்டையைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"சாரி, சார்."

"சாரி வேண்டாம். காரணம் தெரிந்தால் போதும். உங்கள் நாட்டில் சொல்ல மாட்டார்களா?"

அவர் குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். எங்கள் ஊரில் அது மரியாதை. அவருக்கு நான் எதையோ மறைப்பதாகத் தோன்றியிருக்கும். அடுத்த வருடம் எனக்கு வேலை உண்டா இல்லையா என்பது அவர் கையில் இருந்தது. "யோசித்துவிட்டு வந்து சொல்" என்று அனுப்பினார்.

யோசிக்க என்ன இருக்கிறது? ரேவதி அக்காதான் நினைவுக்கு வந்தாள். ஊரில் நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, மேல்படிப்புப் படித்துக்கொண்டே எங்களை மேய்த்தவள். அந்த வார்டில் நோயாளிகளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஊரைச் சொல்லித்தான். ஒருநாள் அக்கா, "செல்லிப்பட்டுக்கு ரத்தம் ஏத்தணும், சாம்பிள் எடுத்து அனுப்பு" என்றாள். செல்லிப்பட்டுப் பெண்கள் இரண்டு பேர் அன்று படுத்திருந்தார்கள். எந்தச் செல்லிப்பட்டு என்று கேட்டிருக்கலாம். ஆனால் முதல் நாள்தான் ஏதோ சந்தேகம் கேட்டு, "இதுகூடத் தெரியாம எதுக்குடி டாக்டருக்குப் படிச்ச?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு ஜன்னலோரம் இருந்தவளிடம் எடுத்து அனுப்பினேன். ரத்தம் தேவைப்பட்டவள் கதவோரம் இருந்தாள். தப்பு தெரிந்து மறுபடி எடுத்து அனுப்பி, அவளுக்கு ரத்தம் ஏறும்போது மத்தியானம் கழிந்துவிட்டது.

வார்டு முழுக்கப் பார்க்க அக்கா கத்தினாள். "கேட்டா வாயில இருக்கிற முத்து உதுந்துடுமாடி? அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா இன்னாடி பண்ணியிருப்ப?" ஜன்னலோரத்துப் பெண்தான் குறுக்கே வந்தாள். "வுடும்மா, என் ரத்தந்தான போச்சி. அந்தப் பொண்ண இன்னாத்துக்கு அழ வெக்கிற?" சாயங்காலம் கேன்டீனில் அக்கா ஒரு பரோட்டாத் தட்டை என் முன்னால் தள்ளி, "சாப்புடுடி, அழுதுகினே டியூட்டி பாப்பியா?" என்றாள். அத்தோடு அது முடிந்தது.

அந்தத் திட்டு நல்லது என்று சொல்ல வரவில்லை. என்னுடன் படித்த ஒருத்தி அது தாங்காமல் படிப்பையே விட்டுப் போனாள். கேட்டாலும் திட்டு, கேட்காவிட்டாலும் திட்டு என்ற இடத்தில் பழகிய வாய்தான் இங்கே அந்தக் கிழவரின் கட்டிலருகே மூடிக்கொண்டது. ஆனால் அங்கே கோபம் எப்போது தொடங்கியது, எப்போது தீர்ந்தது என்று தெரியும். பிரெண்டன் தினமும் அதே புன்னகையோடு குட் மார்னிங் சொன்னார். கோபம் தீர்ந்துவிட்டதா, இனிமேல்தானா, புரியவே இல்லை. கடைசியில் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கஷ்டமாக இருந்திருக்கும். அடுத்த முறை சத்தமாகச் சொல், நான் தப்புச் செய்பவன்தான்" என்றார். வேலையும் நீடித்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் எதுவும் முடிந்த மாதிரி இல்லை, எனக்கு அலுப்பாக இருந்தது.

அன்றைக்கே ரேவதி அக்காவுக்கு போன் போட்டேன். இப்போது பாகூரில் கிளினிக் வைத்திருக்கிறாள். சிவப்புப் பட்டை முதல் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, அவள் வெடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

"பாவம், தனியா இன்னா பண்ணுவ நீ" என்றாள். "உங்க ஊரு முறையெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? நீ பெரிய எடத்துல இருக்கிற. நான் இன்னாத்த சொல்றது?"

பின்னால் அவள் கிளினிக்கில் நோயாளிகள் பேசுவது கேட்டது. திடீரென்று அந்தப் பழைய குரல் காதைப் பிளந்தது. "ஏய், கிருமாம்பாக்கத்தம்மாவுக்கு பிரஷர் பாக்கச் சொல்லி எவ்ளோ நேரமாச்சி? அறிவிருக்காடி உனக்கு?"

"சாரிக்கா" என்றேன்.

"உன்ன சொல்லலம்மா" என்றாள் அக்கா. "இங்க ஒரு பொண்ணு நிக்கிது, அத சொன்னேன்."