நாலு நாள் கஞ்சி

அண்ணன் வீட்டில் ஒரு சின்ன குக்கர் இருந்தது. அண்ணிக்குக் கஞ்சி வைக்கவென்றே தனியாக வாங்கியது. காலையில் தறியில் உட்காருவதற்கு முன் அரிசியைக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, உப்புப் போட்டு, அவரே ஆற்றிக் கொடுப்பார். "பொண்டாட்டிய இப்படிப் பாத்துக்கற ஆம்பள ஆரணியிலயே கெடையாது" என்று தெருவே மெச்சியது. மெச்சட்டும்! அந்தக் குக்கரை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

இடது அடிவயிற்றில் வலியும் காய்ச்சலுமாக அண்ணி முதல் தடவை சுருண்டபோது, வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவளோடு போனது தங்கையான நான்தான். தறியில் ஓடிய கல்யாணப் புடவையை அண்ணன் அன்று நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். அண்ணி உள்ளே ஊசி மயக்கத்தில் கிடக்க, ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா என்னிடம் பொறுமையாகச் சொன்னார். பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகளாகப் பிதுங்கியிருக்கிறதாம். வயதானால் பலருக்கும் வருவதுதான், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது; அண்ணிக்கு அதில் ஒன்று புண்ணாகி வீங்கிவிட்டது. "வலி அடங்கற வரைக்கும் நாலு நாள் கஞ்சி குடுங்க. அப்புறம் கீரை, பருப்பு, பழம்னு கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கங்க, தண்ணி நிறைய குடிங்க. பழத்து விதை போய் மாட்டிக்கும்பாங்க, அதெல்லாம் ஒன்னுமில்ல. மறுபடி வலி, காய்ச்சல் வந்தா மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாம வந்துடுங்க."

அண்ணியை வீட்டில் விட்டதும், எனக்கு என் ஊர் தேவிகாபுரத்துக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "கஞ்சிதான் குடுக்கணுமாம்" என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால் அதே கஞ்சி. மூன்றாம் மாதமும் அதே. பத்தியம் முறிந்தால் குடல் வெடித்துவிடும் என்று அண்ணன் முடிவே கட்டியிருந்தார். நான் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம். ஊர் மெச்சுவதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன்.

"நாக்கு செத்துப்போச்சும்மா, ஒரே ஒரு கொய்யாப்பழம் வாங்கியாறியா?" என்று அண்ணி கேட்டபோது வாங்கிக் கொடுத்தேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்று விதையோடு மென்று தின்றாள். "அவருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும், சொல்லிடாத."

மறுவாரம் வலி வந்தது. கொய்யா செய்த வேலை என்று நினைத்து மூன்று நாள் காய்ச்சலை மறைத்திருக்கிறாள், பாவி. குடல் வெடித்துச் சீழ் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரி. பழம் தின்றதை அண்ணனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போனாள். வாங்கிக் கொடுத்தது யார் என்று சொல்லவில்லை. திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்தும் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "பாத்துப் பாத்துக் கஞ்சி காச்சிக் குடுத்தேன். நாக்க அடக்கத் தெரியாம உசுர விட்டுட்டா." செத்தவளைத் தீனிப்பண்டாரம் ஆக்கிவிட்டார். போன மாதம் அதை மறுபடி கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"கொய்யா நான் வாங்கிக் குடுத்ததுண்ணா. அதால ஒன்னும் ஆவல. கஞ்சியே நாலு நாளைக்குத்தான்னு டாக்டரு சொன்னாங்க. உனக்குப் பயந்துகினு மூணு நாள் மறைச்சா பாரு, அதான் அவளக் கொண்டுபோச்சு."

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நாலு நாளைக்குத்தான்னு உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே" என்றேன்.