திராட்சைத் தோட்டத்தில் பத்தாம் வகுப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் எப்படியும் போனைத்தான் நோண்டப் போகிறார்கள், பாடத்தையும் அதிலேயே போட்டுத் தொலைப்போம் என்று இரண்டு வருடத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தேன். மூன்று நிமிடம் பாடம் பேசி வீடியோ போடுவேன். கடைசியில் ஒரு கேள்வி. பதிலைப் பிள்ளைகள் குரலில் பேசி அனுப்ப வேண்டும். வகுப்பில் வாயே திறக்காததுகள் எல்லாம் அதில் வெளுத்து வாங்கின.

ஒரே ஒரு பெண் மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. நன்றாகப் படிக்கிற பெண். வீடியோவைப் பார்ப்பதில் முதல் ஆள் அவள் வீட்டு எண்தான், அது எனக்குத் தெரியும். நேரில் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். ஒரு நாள் பொறுக்காமல், அத்தனை பேர் இருக்கிற குரூப்பில் அவள் பேரைச் சொல்லியே பேசிப் போட்டேன். "பாக்க மட்டும் தெரியுது, பதில் சொல்ல வாய் வலிக்குதோ? இவ்வளவு திமிரு ஆகாதும்மா."

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொதுத்தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு பெண்ணை என் வாயால் வீட்டில் உட்கார வைத்துவிட்டேனே என்று இருந்தது. நான்காம் நாள் காலையில் அவளுடைய அம்மா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சர், போனு என்கிட்டத்தான் இருக்கும். காலையில திராட்சைத் தோட்டத்து வேலைக்குக் கொண்டுபோயிருவேன். ஒங்க பாடத்தைச் சத்தமா வச்சுக் கேட்டுக்கிட்டேதான் பொம்பளைக எல்லாம் வேலை பாப்போம். வீடு திரும்பையில சார்ஜ் செத்துப்போகும், அது ஏறுறதுக்குள்ள புள்ள தூங்கிருவா, எங்கிட்டுப் பதில் போடுவா? அன்னைக்கு நீங்க புள்ளையத் திட்டி வஞ்சீகள்ல, அதையும் அங்கன அம்புட்டுப் பேரும் கேட்டாக."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இனிமே வீட்டுலயே கெடக்கட்டும்னு போனை வச்சுட்டுப் போனேன் டீச்சர். நீ கொண்டுபோனாத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன்னு மூணு நாளா அடம் பிடிக்கா. நீங்களே கேளுங்க."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "எட்டாவதோட எங்கம்மாவை நிப்பாட்டிட்டாக டீச்சர். இப்பத்தான் மறுபடி படிக்குது" என்றாள். அதைக் கெடுக்க மனமில்லாமல்தான் இத்தனை நாள் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அங்கேயே இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே குரூப்பிலும் கேட்டேன். பதிலை நோட்டில் எழுதிக் காட்டினால் போதும் என்றேன். போன் தோட்டத்துக்கே போகட்டும், விருப்பமிருந்தால் அம்மாவே பதில் சொல்லட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் தாவர ஹார்மோன் பாடம். ஜிப்ரல்லினால் திராட்சைக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தேன். பதினோரு மணிக்குத் தோட்டத்திலிருந்து பதில் வந்தது. "பூ உதுந்தப்புறம் கொலையை மருந்துத் தண்ணியில முக்குவோம் டீச்சர், காய் பெருக்கும். பூக்குறதுக்கு முந்தியே ஒருவாட்டி முக்குனாக் கொலையும் நீளும், காய் நெருக்கியடிக்காது. ஆனா இந்தச் சரக்கு செடிக்குள்ள தானாவே ஊறுறதுன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

குலை நீள்வதைப் பற்றி என் வீடியோவில் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கே அதை வகுப்பில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், எங்கம்மா சொன்னது சரிதானே?"

"ரொம்பச் சரி."

"குரூப்புல நீங்க ஒண்ணும் போடலயா, வகுப்புல கை தட்டுனாகன்னு நான் சொல்லியும், தப்பாச் சொல்லிட்டேனோன்னு ராத்திரி கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

ஐயோ என்று போனை எடுத்து, "சரி" என்று எழுதப் போனேன். அவள் அவசரமாகத் தடுத்தாள். "எழுதாதீக டீச்சர், பேசிப் போடுங்க. அங்கன எல்லாரும் கேக்கணும்."

எழுதியதை அழித்துவிட்டு மைக்கை அழுத்தினேன். "சரியான விடை, அக்கா. எனக்கே தெரியாததைச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. ரொம்ப நன்றி" என்று சொல்லி அனுப்பினேன்.