மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நான்தான் கிடைத்தேனா?

இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், "நீங்க சேதுவோட சிநேகிதர்தானே? என் பொண்ணுக்கு அவரைப் பாத்திருக்கோம். பையன் எப்படிங்க?" என்றார்.

சேதுவும் நானும் ஒன்றாக டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். அமெரிக்காவில் ஆராய்ச்சி வேலைக்கு இருவருமே எழுதிப் போட்டோம். அவனுக்குக் கிடைத்தது. எனக்குத் திருச்சியில் காலேஜ் வாத்தியார் வேலை.

"பட்டம் வாங்கியும் இன்னும் ஆராய்ச்சிதானா? அங்கே என்ன வேலைங்க?"

"ரூம் அளவு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு மழை பெய்ய வைக்கிறதுங்க. ஒரு சொட்டு நிஜத் தண்ணி கிடையாது."

பெரியவர் முகம் சுருங்கியது. காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் சம்பந்தத்தையே முறித்துவிடலாம் போலிருந்தது.

"அதுவும் ரெண்டே வருஷம்தான். அப்புறம் வேற இடம் தேடணும். என் வேலை மாதிரி பெர்மனன்ட் இல்லீங்க."

"உங்களுது பெர்மனன்ட்டா?" அவர் முகம் மலர்ந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அப்போ லீவு சுலபமாக் கிடைக்கும். தை மாசம் கல்யாணம். பந்தியை நீங்கதான் பாத்துக்கணும்."

மலைக்கோட்டையிலேயே இறங்கிவிட்டேன். நான் போக வேண்டியது இன்னும் தள்ளி, தென்னூர்.

கல்யாணப் பாயசத்தில் உப்பைப் போட்டால் பெர்மனன்ட் வேலை போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.