அந்தோணியின் தொண்டை

குரல் கம்மியபோது அதை நோய் என்று நான் நினைக்கவில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கால்பந்துப் பயிற்சியாளன், கத்துவதுதான் வேலை. மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடித்தேன். ஒன்றரை மாதமாகியும் சரியாகவில்லை.

மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்த்தார். பயாப்ஸி (சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார். குரல்நாணில் புற்று. ஆரம்ப நிலைதான், ஆறு வாரம் கதிர்வீச்சு என்றார். இதைப் படிக்கிற உங்களுக்கும் சொல்கிறேன்: மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நான் முதலில் கேட்டது உயிரைப் பற்றி அல்ல. "பல்கலைக்கழகப் போட்டிக்குள்ள குரல் வந்துருமா டாக்டர்?"

"மொதல்ல ஆளு பொழைக்கட்டும்" என்றார்.

வேலையில் சேர்ந்த நான்காம் ஆண்டு பல்கலைக்கழகக் கோப்பை வாங்கினேன். பிறகு தோல்விகள்தான். நடுவில் என்னை நீக்கி நூலகத்தில் உட்கார வைத்தார்கள். வேறு ஆள் அமையாமல் திரும்ப அழைத்தார்கள். இந்த ஆண்டுதான் அணி மறுபடி நன்றாக அமைந்திருந்தது. அதை என் உதவியாளன் அந்தோணியிடம் விட்டுவிட்டுப் படுத்தேன். உவரியிலிருந்து வந்து என்னிடம் ஆடிப் படித்தவன்.

கதிர்வீச்சின்போது தலை அசையாதிருக்க முகத்தில் வலைமூடியைப் பொருத்தி மேசையோடு இறுக்குவார்கள். நான்காம் வாரம் கழுத்துத் தோல் கருத்து உரிந்தது, கஞ்சிகூட இறங்கவில்லை. அப்போதுதான் அணி காலிறுதியில் வென்ற செய்தி வந்தது. அவர்கள் தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். என் பையன்கள். எழுதக் கூசுகிறது.

இறுதியிலும் வென்றார்கள். கோப்பையோடு அந்தோணி பேட்டையிலுள்ள என் வீட்டுக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார் தூங்குதாங்களாக்கா? பயலுவ சார்ட்டதான் மொதல்ல காட்டணும்னு சொல்லுதானுவ."

"வச்சிட்டுப் போ தம்பி" என்றாள் என் மனைவி கோமதி. அவன் போனதும் என் பக்கம் திரும்பினாள். "நோவு தொண்டையிலதான வந்துச்சு? கண்ணை எதுக்கு மூடுதீய?"

மறுநாள் ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: "வாழ்த்துகள். இரண்டாவது கோல் ஆஃப்சைடு."

"ஆமா சார்" என்று பதில் வந்தது.

இப்போது புற்று இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். அவன் பயிற்சியாளன், நான் ஆலோசகன். குரல் பாதிதான் திரும்பியது, மீதி காற்று. நான் சொல்வதை அவன் குனிந்து கேட்டு உரக்கச் சொல்வதற்குள் பந்து வேறிடம் போய்விடுகிறது. அதனால் நடந்ததை விட்டுவிட்டு, நடக்கப்போவதைச் சொல்லப் பழகுகிறேன். எச்சில் விழுங்கி, மூச்சைச் சேர்த்து, நான்கைந்து சொற்கள். அவை அவன் தொண்டையிலிருந்து மைதானத்துக்குள் போகும்போது என் கை தானாகக் கழுத்தைத் தடவுகிறது. பொறாமை அப்படியேதான் இருக்கிறது. அடுத்த சொற்களுக்காக அவன் குனிகிறான்.