நான்கு ராஜாக்களின் வருடம்

பர்மாவில், அலோனில் என் வீட்டு முன்னறையில் ஞாயிறு காலைதோறும் தெருவிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பேன்; அவர்களுக்கு நான் சயாமா, பர்மியில் டீச்சர். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கிய பிறகு, சமையலறைக்குள் என் பத்தொன்பது வயது மகன் ஒளிந்திருந்தான். அவனைத் தவிர வீட்டில் வேறு ஆண்பிள்ளை கிடையாது. கேட்டவர்களிடமெல்லாம் அவன் கியாக்தானில் மாமா வீட்டுக்குப் போய்விட்டான் என்று கூசாமல் புளுகியிருந்தேன்.

அன்று பாடம் பழைய ரோமாபுரி. ஒரே வருடத்தில் அங்கே நான்கு ராஜாக்கள். முதலாமவரைப் படையே வெட்டிப்போட்டது. இரண்டாமவர் தன்னையே குத்திக்கொண்டார். நான்காமவரின் படை ஊருக்குள் நுழைந்ததும் மூன்றாமவர் காவல்காரன் அறைக்குள் ஒளிந்து, கதவுக்குக் கட்டிலையும் மெத்தையையும் முட்டுக்கொடுத்தார். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும் என்பதால் ஒவ்வொரு வரிக்குக் கீழும் பர்மியிலும் எழுதிப்போடுவது என் வழக்கம்.

அந்த நேரம் பார்த்து, பட்டாளத்துக்கு ஆள் கணக்குக் கொடுக்கும் வார்டு தலைவர் உள்ளே வந்தார். பர்மியர்தான், ஆனால் எங்கள் தெருவில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். படையே ராஜாவை வெட்டியது என்று கரும்பலகையில் பர்மியில் கொட்டை எழுத்தில் நிற்கிறது. அவர் நிதானமாக வாசித்தார். பட்டாளம் ஆளும் நாட்டில் எழுதக்கூடாத வரி அது. இது எந்த ஊர் சமாசாரம் என்று கேட்டார். இரண்டாயிரம் வருடத்துக் கதை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன், பல்தான் தெரிந்திருக்கும்.

முன்வரிசைப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"சயாமா, ஒளிஞ்ச ராஜாவ எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

சமையலறைப் பக்கம் திரும்பாதே என்று என் கழுத்துக்கு உத்தரவு போட்டேன். தேடி வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

தலைவர் வேறெதுவும் கேட்காமல் வாசலுக்குப் போனார். போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே வழியனுப்பப் போனேன். வாசலில் பிள்ளைகளின் குட்டிச் செருப்புகளுக்கு நடுவே என் மகனின் பெரிய செருப்பு ஒரு ஜோடி இருந்தது. காலையில் பெருக்கும்போது நானே புத்தி கெட்டுப்போய் அடுக்கி வைத்தது. தன் செருப்பைத் தேடிய அவர் கால் அதன் பக்கத்தில் அப்படியே நின்றது.

"கியாக்தான் போனவன் வெறுங்காலோடயா போனான்?" என்றார், தமிழிலேயே.

 அவர் தன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எடுத்து உள்ள வைங்க சயாமா. மத்தியானம் பட்டாளத்துக்காரங்களக் கூட்டிக்கிட்டு நான் திரும்ப வரணும்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் பேசியது பிள்ளைகள் எல்லோருக்கும் புரிந்திருந்தது. எல்லோரும் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பெண் மட்டும் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.