பெட்டிக்குள் அடைத்த பனியன் வேஸ்ட்

பல்லடம் பக்கம் ஒரு கோழிநோய் ஆய்வகத்தில் அப்போது எனக்கு வேலை. கோழிக்கருவிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, நுனி மெலிந்த கண்ணாடிக் குழாயால் ஒரு ஓரத்தில் மட்டும் வைரஸை விட வேண்டும். அது பக்கத்துச் செல்லுக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். நோய் கொடுப்பதற்காகவே ஒன்றை நோகாமல் வளர்க்கிற பிழைப்பு.

பார்ப்பதற்குள் செல்கள் செத்தன. வைரஸ் விடாத தட்டிலும் சுருங்கி, உருண்டு, மிதந்தன. எதனால் செத்தன என்றே தெரியாதபோது படம் எடுத்து என்ன பிரயோஜனம்? இந்த மாதமும் இப்படியென்றால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடலாம் என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். மூடினால் எனக்கு அருள்புரத்தில் அண்ணனின் பனியன் கம்பெனி, செக்கிங் செக்‌ஷன். படித்ததெல்லாம் அதற்குத்தானா என்று எரிச்சலாக வந்தது. முட்டை கொடுத்த பண்ணைக்காரரைத் திட்டினேன். கரண்டை நிறுத்துகிறவர்களைத் திட்டினேன். வளர்ப்புத் திரவத்தைப் புதிதாகக் கலந்து கலந்து கை ஓய்ந்தது.

சூடு இறங்காமலிருக்க மைக்ராஸ்கோப்பைச் சுற்றி ஒரு பெட்டி உண்டு. அதன் இடுக்கிலெல்லாம் பனியன் வேஸ்ட்டை, கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியை, அடைத்திருந்தோம். எங்கள் ஊரில் எந்த ஓட்டைக்கும் அதுதான். எனக்கென்று அண்ணன் நல்ல வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கி, மூட்டை கட்டி அனுப்பியிருந்தார்.

உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் தென்னந்தோப்புக் காற்றில் கிடந்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். குப்பென்று சாயப்பட்டறை வாடை. பட்டறையில் துணிக்கு ஏற்றிய ரசாயன மருந்து சூட்டில் ஆவியாகிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து மூச்சில் இருந்த வாடை, அதனால்தான் அத்தனை நாளும் தெரியவே இல்லை.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, தெர்மாகோல் வெட்டிச் செருகினேன். புதுத் தட்டுகள் வைத்தேன். மறுநாள் செல்கள் தட்டோடு ஒட்டி, கால் நீட்டிப் படுத்திருந்தன. ஒரு தட்டின் ஓரத்தில் வைரஸை விட்டேன். அந்த ஓரத்திலிருந்து வரிசையாகச் செத்துக்கொண்டு வந்தன. வைரஸ் விடாத தட்டு அப்படியே இருந்தது. வேலை தப்பியது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை அண்ணன் போன் செய்தார். செக்கிங்கில் எனக்கென்று வைத்திருந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடலாமா என்று கேட்டார். போட்டுவிடுங்கள் என்றேன். பிறகு கேட்டார்:

“துணி பத்துச்சா கண்ணு? இன்னொரு மூட்டை எடுத்து வெச்சிருக்கறேன்.”

மூலையில் பிடுங்கி எறிந்திருந்த துணிக் குவியலைப் பார்த்தேன்.

“அனுப்புங்கண்ணா” என்றேன்.