படக் கண்ணாடியில் காய்ந்த வத்தல்

என் மதினி அக்கம்மாளுக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் கல்லலுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊருக்குச் சூரியப் பெட்டி வந்திருக்காது.

எழுபத்தைந்தாம் வருஷம் மாசியில், யாரும் எதிர்பாராத மழை. களத்தில் காயப்போட்ட மிளகாய் முழுக்க வெளுத்துப் பூசணம் பூத்தது. என் அண்ணன் இறந்து போன பிறகு, கிணற்றடி ஏக்கரில் மதினி தனியாளாக நின்று பயிர்செய்த முதல் வருஷம் அது. உழவு மாடு இரண்டையும் விற்றாள். அடுத்த மாசியிலும் வத்தல் நனைந்தால் நிலத்தை யாரிடமாவது விட்டுவிட்டு, புதுவயல் அரிசி ஆலைக்கு நெல் கிண்டும் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

"அடுத்தவுக நெல்லக் கிண்டுறதுக்கா உங்க அண்ணன் இந்தக் கெணத்தை வெட்டுனாக?" என்று என்னிடம் கேட்டாள். கிணற்றை நான் தூர்த்துவிட்டது போலக் கோபமாகக் கேட்டாள்.

அடுத்த மாசி நெருங்கும் சமயத்தில்தான் கிராம சேவக் சத்தியமூர்த்தி சைக்கிளில் வந்து, விவசாயக் கண்காட்சியில் பார்த்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொன்னார். நீளமான மரப்பெட்டி. உள்ளே கரி பூச வேண்டும், மேலே கண்ணாடி போட வேண்டும், காற்றுப் போக ஓட்டை விட வேண்டும். வெயில் உள்ளே இறங்கி அங்கேயே தங்கும். களத்தில் கிடப்பதைவிட மிளகாய் சீக்கிரம் காயும், மழை வந்தாலும் நனையாது. ஊரே கோயில் களத்தில் கூடிக் கேட்டது. பழைய மரம் இருக்கிறது, தச்சர் பெத்தன் இருக்கிறார், கரிக்குப் பஞ்சமே இல்லை. கண்ணாடிக்கு எங்கே போவது? மண்வீட்டு ஜன்னலில் கம்பி இருந்தாலே பெரிய காரியம்.

எல்லோரும் கலைந்து போக எழுந்தார்கள். மதினி விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் என் அண்ணன் படம். எல்லார் முன்னாலும் பின்பக்க ஆணியை நெம்பி, கண்ணாடியை உருவிப் பெத்தனிடம் நீட்டினாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. செத்தவர் படத்தைக் கழற்றினால் ஆகாது என்று கத்தினேன்.

"படம் என்கிட்டத்தான இருக்கு. கண்ணாடி சும்மா தொங்குறதுக்குப் பதிலா வெயிலப் புடிக்கட்டும். உங்க அண்ணன் என்னைக்குச் சும்மா இருந்தாக?"

அண்ணன் சும்மா இருந்ததில்லை என்பது எனக்கும் தெரியும்.

பிறகு வீட்டுக்கு வீடு படம் இறங்கியது. கல்யாணப் படம், பினாங்கு போனவர் கோட்டுப் போட்டு எடுத்து அனுப்பிய படம், சாமி படம். மீரான் சாகிபு, "எங்க வீட்ல படம் ஏது?" என்று சொல்லித் தன் கடையின் பிஸ்கட் அலமாரிக் கதவையே பெயர்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் கடை பிஸ்கட் எங்களுக்கும் ஈக்கும் பொது.

செய்தி பெரிய வீட்டு விசாலம் ஆச்சிக்கும் போனது. ஊர்க்காரியம் என்றால் ஆச்சி கை எப்போதும் முந்தி நீளும். வளவு என்கிற உள்முற்றத்து வாசல் வளைவில் பதித்திருந்த, கப்பலில் வந்த வண்ணக் கண்ணாடிகளை எடுத்துக் கொடுத்தனுப்பினார்கள். சிவப்பு, பச்சை, நீலம். எங்கள் பக்கத்தில் ஊர்ப்பொதுவுக்குப் பெரிய வீடு கொடுத்தது எதுவானாலும் அதற்கு நடு இடம், அதுதான் மரியாதை. பெத்தன் அதை நடுவில் பதித்தார், எங்கள் படக்கண்ணாடிகள் இரண்டு ஓரத்துக்கும் போயின. மிளகாய் மேல் நீலமும் பச்சையும் விழுவதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. திருவிழாதான், போங்கள். அது மிளகாய்க்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒருவரும் நினைக்கவில்லை.

முதலில் போட யாருக்கும் துணிச்சல் இல்லை. மதினிதான் தன் முதல் பறிப்பு முழுவதையும் கொட்டினாள். சில நாள் கழித்துத் திறந்தோம். ஓரத்து வத்தலைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலத்தது. நடுவில் கிடந்தது துவண்டு போய் இருந்தது. காம்புப் பக்கம் பூசணம் தொட ஆரம்பித்திருந்தது. வண்ணக் கண்ணாடி வெயிலை வடிகட்டிவிட்டது, பார்த்தவுடனே எல்லோருக்கும் புரிந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. ஆச்சி கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதா? அடுத்த கும்பாபிஷேகத்துக்கு எந்த முகத்தோடு போய் அவர்கள் வாசலில் நிற்பது?

"நடுவுல மட்டும் காலியாப் போட்ருவோம்" என்றார் ஒரு பெரியவர்.

"இதோட ரெண்டு மடங்கு வீட்ல குமிஞ்சு கெடக்கு. தெக்க பாருங்க" என்றாள் மதினி. தெற்கே மேகம் கட்டியிருந்தது. போன மாசியிலும் இப்படித்தான் கட்டியது.

அவள் துவண்ட மிளகாயை மடியில் கட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்கு நடந்தாள். வாயை அடக்கிப் பேசட்டும் என்று நானும் பின்னாலேயே போனேன். ஆச்சி முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவர் நெடுக, மாமனாரிலிருந்து காலமான கணவர் செட்டியார் வரை, ரங்கூனில் எடுத்த ஆளுயரப் படங்கள்.

"வா அக்கம்மா. பெட்டி நல்லா இருக்காமே?"

"பாக்க நல்லா இருக்கு ஆச்சி. வேலைக்கு ஆகல." மடியை அவிழ்த்துக் காட்டினாள். "நீங்க குடுத்த கண்ணாடிக்கு அடியில கெடந்தது இது. ஊர்ல யாரும் சொல்ல மாட்டாக. கோவிச்சுக்கிட்டா என்னையக் கோவிச்சுக்கங்க. எனக்கு இந்த வருஷம் வத்தல் காயணும்."

ஆச்சி ஒரு மிளகாயை எடுத்து அழுத்திப் பார்த்தார்கள். முகம் சுருங்கியது.

"ஓரத்துல என்ன கண்ணாடி போட்டீக?"

"எங்க வீட்டுப் படக் கண்ணாடி."

"யார் படம்?"

"என் வீட்டுக்காரவுக படம் ஆச்சி."

ஆச்சி எழுந்து, சுவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

"இவுகளும் மேலேருந்து சும்மா பாத்துக்கிட்டேதான் இருக்காக" என்றார்கள். "பெத்தனை ஏணியோட வரச்சொல்லு."

அன்று சாயங்காலத்துக்குள் பெரிய வீட்டு முகப்பிலிருந்த அத்தனை படமும் கண்ணாடி இழந்தன. வண்ணக் கண்ணாடி வாசல் வளைவுக்கே திரும்பியது. பெட்டியின் நடுவில் மறுபடியும் ஆச்சி வீடுதான், மரியாதை ஒன்றும் குறையவில்லை. செட்டியார் கண்ணாடியை ஒட்டினாற்போல என் அண்ணன் கண்ணாடி. அதைப் பார்த்து நான் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்.

பூசணம் தொட்டதை மட்டும் பொறுக்கி எறிந்தோம். மேகம் இரண்டு மூன்று நாள் போக்குக் காட்டியது. வெயில் அடித்த நேரமெல்லாம் பெட்டி வேலை செய்தது. காய்ந்ததை அள்ளிவிட்டு மிச்சத்தைக் கொட்டினோம். பிறகு கொட்டியது மழை. கண்ணாடி மேல் தண்ணீர் ஓட, அடியில் மிளகாய் சிவப்பாகக் கிடந்ததை ஊரே குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தது. மழை விட்டதும் வெயில் திரும்பியது, மிச்சமும் காய்ந்தது. மதினி புதுவயலுக்குப் போகவில்லை. அடுத்த ஆடிக்கு அவள் தொழுவத்தில் மாடு நின்றது.

அதற்குப் பிறகு மாசி பிறந்தால் எங்கள் ஊரில் படங்களுக்குக் கண்ணாடி இருக்காது. வத்தல் போட்டு முடிந்துதான் திரும்ப ஏறும். அந்த முதல் வருஷம், கடைசி வத்தலை அள்ளியதும் மதினி ஓர் ஓலைப்பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் போனாள். ஒரு கை அள்ளி ஆச்சி காதருகே குலுக்கினாள். கலகலவென்றது.

"செட்டியாரு காயவச்சது ஆச்சி" என்றாள்.

ஆச்சி அதை வாங்கி, தானும் ஒரு முறை குலுக்கிக் கேட்டார்கள்.